நோயாளியின் படுக்கையருகே ஜெபிக்கப் போகிறவர்களுக்கு: எண்ணெய், மருந்து, சாட்சி

பெதஸ்தா_கரை

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் எட்டுப் பேர் சேர்ந்து, நோயாளிகளை வீட்டிலும் மருத்துவமனையிலும் போய்ப் பார்த்து ஜெபிக்க ஒரு குழு தொடங்குகிறோம். எல்லோருக்கும் பாரம் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை. மூன்று விஷயங்களில் தெளிவு தேவை.

எண்ணெய் பூசுவதும் கை வைப்பதும் எந்த முறையில், யார் செய்வது? ஜெபித்தவுடன் "சுகமானேன்" என்று அறிக்கை செய்யும்படி நோயாளியிடம் சொல்லலாமா? சுகம் பெற்றவர் அந்த அன்பை மற்றவர்களோடு பகிர விரும்பினால் அவரை எப்படி வழிநடத்துவது?

பொதுவாகச் சொல்லாமல், செய்முறையாகச் சொன்னால் அச்செடுத்துக் குழுவில் கொடுத்துவிடுவேன்.

---

பெரேயா

முதலில் யாக்கோபு 5:14-16ஐ மெதுவாக வாசியுங்கள். பலரும் வேகமாகக் கடந்துபோகும் நான்கு விவரங்கள் அதில் இருக்கின்றன.

அழைப்பது யார்? வியாதிப்பட்டவன். "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்றுதான் இருக்கிறது. நாமாகப் போய் அவர் அறைக்குள் நுழைந்து ஜெபத்தைத் திணிப்பதை இந்த வசனம் சொல்லவில்லை. இரண்டாவது, "மூப்பர்கள்" என்பது பன்மை. வரம் பெற்ற ஒரே ஒருவரைச் சுற்றி இது கட்டப்படவில்லை, சபையே பொறுப்பேற்கிறது. மூன்றாவது, 16ஆம் வசனம் "ஒருவருக்கொருவர்" குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. அதாவது, நோயாளி மட்டும் தன் பாவத்தைச் சொல்ல, வந்தவர்கள் நீதிபதிபோல் உட்கார்ந்து கேட்பதல்ல.

நான்காவதுதான் முக்கியம். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்கிறாரே, அந்த ஜெபத்தைச் செய்வது யார்? மூப்பர்கள். ஆகவே அங்கே பேசப்படும் விசுவாசம் ஜெபிக்கிறவர்களுடையது. மாற்கு 2:5ஐயும் பாருங்கள். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கியவர்கள் நாலுபேர். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார். படுத்துக் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று அந்தப் பகுதி அளந்து பார்க்கவில்லை. சுகம் கிடைக்காதபோது "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று நோயாளியிடம் சொல்கிறவர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் சுமக்க முடியாத நாளில் அவருக்காகச் சுமப்பதற்குத்தான் நாம் போகிறோம்.

---

இரவுப்பணி

சகோதரர் பெரேயா சொன்னதோடு, வார்டு பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

புறப்படுவதற்கு முன்: சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகாதீர்கள். கீமோ எடுக்கிறவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், குறைமாதக் குழந்தை ஆகியோருக்கு நீங்கள் கொண்டுபோகும் சாதாரணச் சளியே ஆபத்து. கைகளைச் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவுங்கள், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். எட்டுப் பேரும் ஒன்றாகப் போகவே கூடாது. இரண்டு பேர் போதும். பெண் நோயாளியிடம் போகும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

உள்ளே போனதும் கட்டில் மேல் உட்காராதீர்கள். கட்டில் அசைந்தாலே தையல் போட்ட வயிறு வலிக்கும், சிறுநீர்க் குழாயோ வடிகுழாயோ இழுபடும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு வாருங்கள். படுத்திருப்பவரைச் சுற்றி நின்றுகொண்டு குனிந்து பார்ப்பது நமக்கு ஜெப வட்டம், அவருக்கோ மூச்சு முட்டும்.

மொத்தம் 10 முதல் 15 நிமிடம். அதில் ஜெபம் இரண்டு, மூன்று நிமிடம். மீதி நேரம் கேளுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ வந்து விழுந்து "உண்மையையெல்லாம்" சொன்னபோது, தாம் பார்க்கப் போய்க்கொண்டிருந்த யவீருவின் மகள் மரண அவஸ்தையில் இருக்கிறாள் என்று தெரிந்தும் இயேசு நின்று கேட்டார். அவள் ஏற்கெனவே சுகமாகிவிட்டாள் என்பதையும் கவனியுங்கள். அப்புறம்தான் "மகளே" என்று அழைத்தார்.

ஜெபிக்கும் முன் ஒரே கேள்வி: "உங்களுக்காக என்ன கேட்டு ஜெபிக்கட்டும்?" பர்திமேயு குருடன் என்று கண்ணுக்குத் தெரிந்தும் இயேசு அதைத்தான் கேட்டார் (மாற்கு 10:51). பதில் நீங்கள் நினைப்பதாக இருக்காது. புற்றுநோய்க்காரர் "இன்று ராத்திரி ரெண்டு மணி நேரம் தூக்கம் வந்தால் போதும்" என்பார். அதற்காக ஜெபியுங்கள். நீங்கள் தயாரித்துக்கொண்டு வந்த ஜெபத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன் "தோளில் கை வைத்து ஜெபிக்கலாமா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். ட்ரிப்ஸ் ஏறும் கையைப் பிடிக்காதீர்கள். வலிக்கும் இடத்தில், அறுவை செய்த இடத்தில், கழுத்துக் குழாய் பக்கத்தில் கை போகக்கூடாது. அழுத்தவோ ஆட்டவோ வேண்டாம். படுத்தே கிடந்தவரை எழுப்பி நிற்க வைத்து ஜெபிப்பதும் வேண்டாம். திடீரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவார். அதை ஆவியானவரின் வல்லமை என்று எண்ணி யாரும் தாங்கிப் பிடிக்காவிட்டால் இடுப்பெலும்பு முறியும்.

பேச்சுக் குரலிலேயே ஜெபியுங்கள். பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் படுத்திருக்கிறார்.

---

ஒலிவக்கன்று

எண்ணெய் பற்றி மட்டும்.

ஒலிவ எண்ணெய் வழக்கம், கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெய். அதில் மந்திரசக்தி ஒன்றும் கிடையாது. சீஷர்கள் "அநேக நோயாளிகளை எண்ணெய் பூசிச் சொஸ்தமாக்கினார்கள்" என்று மாற்கு 6:13 சொல்கிறது. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்ததும் எண்ணெயும் திராட்சரசமும்தான். அந்தக் காலத்தில் அது மருந்தாகவும் இருந்தது, ஒருவரைத் தேவனுக்கென்று பிரித்தெடுக்கும் அடையாளமாகவும் இருந்தது.

அளவு: கட்டைவிரல் நுனியில் ஒரு துளி. சிறிய மூடிப்போத்தலில் பஞ்சு உருண்டையை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுக்கொண்டால் பையில் சிந்தாது, விரலிலும் அதிகம் வராது. நெற்றியில் சிறு சிலுவை அடையாளம், "கர்த்தருடைய நாமத்தினாலே" என்ற வார்த்தை, ஜெபம், அவ்வளவுதான். வேறு ஒருவரிடம் போகுமுன் கையைக் கழுவிவிட்டுப் புதுப் பஞ்சு எடுங்கள். எண்ணெயில் காறல் வாடை வந்தால் மாற்றிவிடுங்கள். ஒளி படாத இடத்தில் வைத்தால் நீண்ட நாள் தாங்கும்.

தவறு நடக்கும் இடங்கள்: வாசனை சேர்த்த "அபிஷேக எண்ணெய்" கீமோ எடுப்பவருக்குக் குமட்டலைக் கிளப்பும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். புண், தடிப்பு, கண், பச்சிளம் குழந்தையின் தோல் ஆகியவற்றில் பூச வேண்டாம். ஆக்சிஜன் முகமூடியோ மூக்குக் குழாயோ போட்டிருந்தால் முகத்தில் எண்ணெய் பூசாமல் புறங்கையில் பூசுங்கள். அந்த அறையில் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது, ஆக்சிஜன் உள்ள இடத்தில் சிறு பொறியும் பெரிய தீயாகும்.

குடிக்கச் சொல்லிக் கொடுப்பது யாக்கோபில் இல்லை. பூசத்தான் சொன்னார்.

---

இரவுப்பணி

> குடிக்கச் சொல்லிக் கொடுப்பது யாக்கோபில் இல்லை

இதை அடிக்கோடிடுங்கள். ஜெபித்த தண்ணீர், இராப்போஜன அப்பம் எதுவானாலும் நர்ஸிடம் கேட்காமல் வாயில் கொடுக்காதீர்கள். அறுவைக்குமுன் வெறும்வயிறாக இருக்க வேண்டியவருக்கு ஒரு வாய் கொடுத்தால் மயக்க மருந்தின்போது அது நுரையீரலுக்குள் போகலாம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசை பழுதாகியிருக்கலாம். தண்ணீரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாகலாம்.

---

செபமாலை_மாலை

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து சேர்க்கிறேன். குழுவில் கலந்து இருப்பீர்கள் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு நோயில்பூசுதல் ஓர் அருளடையாளம். ஆயரும் குருவும் மட்டுமே வழங்கலாம். திருத்தொண்டரோ பொதுநிலையினரோ வழங்க முடியாது. முன்பு இதை "அவஸ்தைப்பூசுதல்" என்று சொல்லி, உயிர் பிரியும் நேரத்தில் மட்டும் குருவைக் கூப்பிட்டார்கள். அதனால் குரு வாசலில் வந்தாலே நோயாளி நடுங்கினார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் சடங்கைத் திருத்தினார். இப்போது நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுகிறார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னரும், முதுமையால் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கலாம். குணமாகி மறுபடி நோயுற்றாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பப் பெறலாம். மரணத் தறுவாயில் இருப்பவருக்குரிய கடைசி அருளடையாளம் நற்கருணைதான். ஆகவே நினைவு தப்பும்வரை காத்திருக்காமல், பேசவும் விழுங்கவும் முடிகிறபோதே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தாமதம்தான் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு.

நோயாளி கத்தோலிக்கர் என்றால், நீங்கள் உங்கள் எண்ணெயைப் பூசினால் அவர் அதை அருளடையாளம் என்று தவறாக எண்ணக்கூடும். எண்ணெயின்றிச் செபியுங்கள், திருப்பாடல் வாசியுங்கள். கீழைத் திருச்சபைகளில் ஏழு வாசகம், ஏழு பூசுதல், முடிந்தால் ஏழு குருக்கள் என்று நீண்ட முறை உண்டு. அவர்களுக்கும் அவர்கள் குருவையே அழையுங்கள்.

---

அக்கினிஜுவாலை

எல்லாம் சரி. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்குள் ஒரு பாரம். கழுவுங்கள், கேளுங்கள், தொடாதீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் எதிர்பார்ப்பே இல்லாமல் ஜெபிக்கும் ஒரு கூட்டத்தைத்தான் உருவாக்குவோம். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று ஏசாயா 53:5 சொல்கிறது. மத்தேயு 8:17 அந்த அதிகாரத்தை இயேசு சுகமாக்கியதோடு நேரடியாகப் பொருத்துகிறது. "உமக்குச் சித்தமானால்" என்று இழுத்து இழுத்து ஜெபிப்பது பல நேரம் தாழ்மை அல்ல, பயம். குஷ்டரோகி அப்படிக் கேட்டபோது வந்த பதில் என்ன? "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு."

விசுவாச அறிக்கையை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? சுகத்தை விசுவாசித்த பிறகும் மாத்திரையைத் தொடர்வது இருமனம் இல்லையா என்று விசுவாசிகள் கேட்கிறார்களே, அதற்கும் பதில் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி

பிரதர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இதில்தான் உயிர் போகிறது.

முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி நினைவு தப்பலாம். வலிப்பு மருந்தைச் சட்டென்று விட்டால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம். ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரம் எடுத்தவருக்கு உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் அடங்கி "சுகமாகிவிட்டேன்" என்று தோன்றும். கிருமி இன்னும் உள்ளே இருக்கும். அப்போது விட்டால் திரும்பி வரும் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம், வீட்டிலுள்ள குழந்தைக்கும் அதுவே தொற்றும். மனநோய் மருந்துகளிலும் நன்றாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்துதான். நிறுத்திய சில வாரமோ மாதமோ கழித்துத்தான் விழுவார், அப்போது யாரும் அந்த ஜெபக்கூட்டத்தோடு அதை இணைத்துப் பார்க்க மாட்டார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே இல்லை. உடம்பு லேசாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

எனவே விதி எளிது: மருந்தை எழுதியவர்தான் நிறுத்துவார். பரிசோதனை செய்து, சிலவற்றைப் படிப்படியாகக் குறைத்து. நிஜமாகவே சுகம் கிடைத்திருந்தால் அந்தப் பரிசோதனையில் தெரியத்தானே போகிறது?

உபவாச ஜெபத்துக்கும் இதேதான். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவரை உபவாசிக்கச் சொல்லாதீர்கள். உபவாசத்தை நாம் இருப்போம்.

---

பெரேயா

அக்கினிஜுவாலை பிரதர் எடுத்த அதே குஷ்டரோகியின் கதையில் அடுத்த வரி மாற்கு 1:44. "நீ போய், ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி." அது வெறும் சடங்கு அல்ல. லேவியராகமம் 13ஐப் பார்த்தால், ஆசாரியன் தோலைப் பார்க்கிறான், ரோமம் வெளுத்ததா என்று பார்க்கிறான், சந்தேகம் என்றால் ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடியும் பார்க்கிறான். குணமானவனுக்கு 14ஆம் அதிகாரத்தில் எட்டு நாள் முறை. சுகமாக்கியவரே சோதனைக்கு அனுப்புகிறார். மருத்துவரிடம் போவது இருமனம் என்றால் இதை என்ன சொல்வது? பவுலோடு இருந்தவரே "பிரியமான வைத்தியனாகிய லூக்கா".

செபமாலை சகோதரி அறிந்த சீராக் 38இல் இது இன்னும் தெளிவு: நோயுற்றால் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு, ஏனெனில் அவரையும் ஆண்டவரே படைத்தார். சீர்திருத்தத் திருச்சபைகள் அதை வேதப்புத்தகப் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனாலும் ஞானமான வார்த்தை.

ஏசாயா 53 பற்றி. அதன் நிறைவு உண்டு, மறுக்கவில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. ரோமர் 8:23இல் பவுல் "நம்முடைய சரீர மீட்பு" வருவதற்குக் காத்திருக்கிறோம் என்கிறார். அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் எழுதிக் கொடுத்தார். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டான், பிறகு தேவன் அவனுக்கு இரங்கினார். பவுலே தம் சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலைப் பெற்றார். இந்த நால்வரில் யாருக்கு விசுவாசம் குறைவு? இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் இரண்டாம் முறை மரித்துத்தான் இருப்பான். இப்போது கிடைக்கும் ஒவ்வொரு சுகமும் முதற்பலன். அறுவடை இன்னும் முடியவில்லை.

---

அக்கினிஜுவாலை

மாற்கு 1:44ஐ ஏற்றுக்கொள்கிறேன். மருந்தை நிறுத்தச் சொல்வது தவறு, மேடையிலிருந்து யார் சொன்னாலும் தவறு.

ஆனால் ஒன்றில் நான் நகரமாட்டேன். நேரடியாகக் கேளுங்கள். "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் வலியை எடுத்துப்போடும், இன்று இரவே எடுத்துப்போடும்" என்று ஒரே ஒரு வாக்கியம், பெயர் சொல்லி. மூன்று நிமிடமும் தேவனுக்கு நோயை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மறைமுகமாக நோயாளிக்குப் பிரசங்கம் செய்யும் ஜெபமும் வேண்டாம். ஒரு முறையோடு நிறுத்தவும் வேண்டாம். பெத்சாயிதாவில் குருடனுக்கு இயேசுவே இரண்டு முறை கை வைத்தார் (மாற்கு 8:22-25). முதல் முறை மனுஷரை மரங்களைப்போலக் கண்டான். "எதையாகிலும் காண்கிறாயா" என்று அவர் கேட்டபோது அவன் உள்ளதைச் சொன்னான். முழுதாகத் தெரிகிறது என்று அறிக்கை செய்யவில்லை.

---

ஒலிவக்கன்று

அருமை பிரதர், நீங்களே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள். ஜெபித்த பிறகு "ஏதாவது மாற்றம் தெரிகிறதா? இல்லையென்றாலும் இல்லை என்றே சொல்லுங்கள்" என்று கேட்கலாம். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், நம் மனம் நோகக்கூடாதென்று "கொஞ்சம் பரவாயில்லை" என்பார். நாம் போன பிறகு அந்தப் பொய் அவரை அரிக்கும்.

---

கடுகுவிதை_விதைப்பவள்

எதிர்பார்ப்பின் பாரம் நோயாளியின் மேல் விழுவதைப் பற்றி ஒரு ஆய்வு உண்டு. 2006இல் வெளியானது, இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது. முன்பின் அறியாதவர்கள் தூரத்திலிருந்து ஜெபித்தார்கள். தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்த பிரிவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. தெரியாத இரு பிரிவுகளில் ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52, ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51. கர்த்தரைத் தராசில் வைக்க முடியாது என்பது என் நம்பிக்கை, ஆகவே ஜெபம் வீண் என்று இதிலிருந்து முடிவெடுக்க மாட்டேன். ஆனால் "எனக்காக ஒரு கூட்டமே ஜெபிக்கிறது, நான் தேறியாக வேண்டும்" என்ற அழுத்தம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று யோசிக்க வைக்கிறது. முகம் தெரியாத ஜெபத்துக்கும், வந்து கையைப் பிடித்துக்கொள்கிறவரின் ஜெபத்துக்கும் வித்தியாசம் உண்டு.

சொல்லக்கூடாதவை: "எல்லாம் நன்மைக்கே." "இதைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள்." "மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்." கடைசிக் கேள்வியைச் சீஷர்கள் பிறவிக் குருடனைக் காட்டிக் கேட்டார்கள். அவனும் இல்லை, அவன் பெற்றோரும் இல்லை என்றுதான் பதில் வந்தது (யோவான் 9:3). யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது, 42:7இல் தேவனே அவர்கள்மேல் கோபமானார்.

சொல்லக்கூடியது: "கஷ்டமாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை மறுபடி வருகிறேன்." சொன்னால் வியாழக்கிழமை போயே ஆக வேண்டும். போகாமல் விடுவது சொல்லாமலே இருந்ததைவிட மோசம்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதும் உதவாது. களைத்தவருக்கு யோசிக்கவே தெம்பு இருக்காது. "நாளை ரெண்டு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் நான் பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். அவருடைய பெயரையும் ஜெபத்தில் சொல்லுங்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்காகப் பத்துப் பேர் ஜெபிக்கிறார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கேட்பதில்லை.

---

இரவுப்பணி

மனநோய் பற்றி ஒன்று, இழை முடியுமுன் சொல்லிவிட வேண்டும். "சாக வேண்டும்போல் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் பதறாமல் நேராகக் கேளுங்கள்: "உயிரை முடித்துக்கொள்ள யோசிக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தச் சொல்லி, குடும்பத்தாரோடு அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஜெபம் வழியெல்லாம் நடக்கட்டும்.

வலிப்பையும் மனச்சிதைவையும் பிசாசு என்று முடிவுகட்டிக் கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது எதுவும் ஊழியம் அல்ல, குற்றம். மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்புள்ளவர்களையும்) திமிர்வாதக்காரரையும் தனித்தனியே எழுதுகிறது. அன்றைக்கே வேறுபாடு தெரிந்திருந்தது.

---

பெதஸ்தா_கரை

எல்லோருக்கும் நன்றி. அச்செடுத்துவிட்டேன். மூன்றாவது கேள்வி பாக்கி: சாட்சி.

---

பெரேயா

யோவான் 9ஐ மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வை பெற்றவன் முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான். பிறகு "தீர்க்கதரிசி" என்கிறான். கடைசியில் பணிந்துகொள்கிறான். நடுவில் இரண்டு முறை "தெரியாது" என்கிறான். அவனுக்குத் தெரிந்தது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்பது மட்டும். அதையே உறுதியாகப் பிடித்துக்கொண்டதால்தான் அவனை யாராலும் அசைக்க முடியவில்லை. சாட்சி சொல்கிறவருக்கு இறையியல் தேவையில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் போதும்.

லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவனை இயேசு எங்கே அனுப்பினார்? "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்கு." மேடைக்கு அல்ல. முன்பு அவன் எப்படி இருந்தான் என்று அறிந்தவர்களிடம். அவன் தெக்கப்போலி நாட்டில் சொன்னான். மாற்கு 7இல் இயேசு மறுபடி அந்த எல்லைக்கு வரும்போது, முன்பு அவரைப் போகச்சொல்லி விரட்டிய அதே பக்கத்து ஜனங்கள் ஒரு செவிடனைக் கொண்டுவந்து கை வைக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள்.

---

ஒலிவக்கன்று

நடைமுறையில்: மூன்று, நான்கு நிமிடம். முன்பு எப்படி இருந்தது, என்ன நடந்தது, இப்போது எப்படி வாழ்கிறேன். பெரும்பாலோர் முதல் பகுதியிலேயே மூன்று நிமிடத்தைச் செலவழிப்பார்கள். எழுதி வைத்து ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை நடந்திருந்தால் அறுவையைச் சொல்ல வேண்டும். மருந்து எடுத்திருந்தால் மருந்தைச் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டுச் சொல்லும் சாட்சியைக் கேட்கும் மற்றொரு நோயாளி தன் சிகிச்சையை விடுவார். சிகிச்சை இன்னும் நடக்கிறதென்றால் "நடக்கிறது" என்றே சொல்லட்டும். விட்டுவிட்டு வரும் நோய்களும், அடங்கித் திரும்பும் புற்றுநோயும் உண்டு. மருத்துவர் சொல்லுமுன் "பூரண சுகம்" என்று அறிவித்து, பிறகு நோய் திரும்பினால் அந்த மனிதர் வெட்கத்தில் சபைக்கே வராமல் போவார். அவருக்கு நாம் மிகவும் தேவைப்படும் நாள் அதுதான்.

வீடியோ எடுக்கும் முன் இரண்டு நாள் யோசிக்க விடுங்கள். வலையில் போனது திரும்பாது. மற்றவருடைய நோயை நம் சாட்சிக்குள் இழுக்கக்கூடாது. வாட்ஸ்அப் ஜெபக்குறிப்பிலும் அனுமதி கேட்டு, முதல் பெயர் மட்டும். நோயின் பெயர், அறை எண், பரிசோதனை அறிக்கையின் படம் எதுவும் வேண்டாம்.

---

செபமாலை_மாலை

இந்த நிதானத்துக்கு லூர்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1858இல் மாதாவின் காட்சிகள் நடந்த இடம். 1883இலிருந்து அங்கே மருத்துவப் பணியகம் இருக்கிறது. குணமானதாகச் சொல்லி 7,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், திருச்சபை புதுமை (அற்புதம்) என்று அறிவித்தவை எழுபது சொச்சம்தான். நோய் கடுமையானதா, முதல் நோயறிதல் சரியா, குணம் திடீரென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, சிகிச்சையால் விளக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். மருத்துவர்கள் "இன்றைய அறிவால் விளக்க முடியவில்லை" என்பதோடு நின்றுகொள்வார்கள். புதுமையா என்பதைச் சொல்வது குணமடைந்தவரின் ஆயர். மீதி ஆயிரக்கணக்கானவர்கள் ஏமாந்தவர்கள் என்று இதற்குப் பொருளல்ல.

---

கடுகுவிதை_விதைப்பவள்

மற்ற விசுவாசத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் போகும்போது: அவர் எழுந்து போக முடியாதவர். அதைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடாது. "உங்களுக்காக ஜெபிக்கலாமா? வேண்டாம் என்றாலும் உட்கார்ந்திருக்கிறேன்." வேண்டாம் என்றால் அடுத்த வாரமும் போய் உட்காருங்கள். படுக்கையருகே காணிக்கை வாங்குவதே கூடாது, "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற கட்டளை "வியாதியுள்ளவர்களைச் சொஸ்தமாக்குங்கள்" என்று தொடங்கும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேருடைய சுகத்தை இயேசு திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

---

பெதஸ்தா_கரை

நினைவில்லாமல் இருப்பவரிடம் போனால்?

---

இரவுப்பணி

கேட்கிறது என்று எண்ணியே பேசுங்கள். பெயர் சொல்லி, நீங்கள் யார் என்று சொல்லி, தொடுமுன் "கையைத் தொடுகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் தலைமாட்டில் நின்று நோயின் முடிவைப் பற்றிக் கிசுகிசுக்காதீர்கள். மறதிநோய் உள்ளவரிடம் புதிய ஜெபத்தைவிடச் சிறுவயதில் மனப்பாடமானதைச் சொல்லுங்கள்: 23ஆம் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அவர் அறிந்த ஞானப்பாட்டின் முதல் அடி. நேற்றைய பெயர்கள் மறந்தவர் பல நேரம் அதைக் கூடவே சொல்லுவார். பாதியில் நின்றால் நீங்கள் முடிக்க அவசரப்படாமல் கொஞ்சம் காத்திருங்கள்.

முதல் பயிற்சி நாளுக்கு ஒரு யோசனை. எட்டுப் பேரும் முறை வைத்து ஒவ்வொருவராகப் படுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் சுற்றி நின்று ஜெபியுங்கள். பிறகு ஒரே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும். படுத்திருந்தவர் வித்தியாசத்தைச் சொல்லட்டும். அரை நாள் ஒதுக்குங்கள், ஒரு மணி நேரத்தில் முடியாது.